அண்ணன் இறக்கிய சாமான்கள்

பொத்தான்காரிக்கு ஒரே அண்ணன். தாய் தகப்பன் போனபிறகு மாப்பிள்ளை பார்த்துக் கட்டிக்கொடுத்தவன் அவன்தான். மாப்பிள்ளை பள்ளிக்கூடத்துத் தோட்டக்காரர். வாங்குகிற சம்பளம் வாய்க்கும் வயிற்றுக்கும் சரியாய்ப் போகும். அவள் தையல்கடையில் சட்டைகளுக்குப் பொத்தான் வைத்துவிட்டு மத்தியானத்தோடு கிளம்பிவிடுவாள். சாயங்காலமும் இரு என்று முதலாளி எவ்வளவோ சொல்லிப் பார்த்தார், கேட்கவில்லை. மண் ஒட்டிய காலோடு புருஷன் வந்ததும் ஜன்னலோரம் பாய் விரியும். மகளும் சேர்ந்துகொண்டால் பொழுது சாய்கிறவரை பேச்சும் சிரிப்பும்தான். பள்ளிக்கூடத்துப் பெரிய வாத்தியார் நடக்கிற நடையைப் புருஷன் நடந்து காட்டினால் அவளுக்கு வயிறு வலிக்கும்.

அண்ணனுக்கு இதெல்லாம் தெரியாது. தங்கச்சியைக் கிணற்றில் தள்ளிவிட்டோமே என்று அவன் மனசை ஒரு புழு அரித்துக்கொண்டிருந்தது. வீட்டுச் சாமான் விற்கிற கடையில் வண்டி ஓட்டுகிறவன். ஞாயிற்றுக்கிழமையும் வண்டி எடுப்பான். அந்தக் கூலிக்குப் பதிலாய், கிடங்கில் அடிபட்டுக் கிடப்பதில் ஏதாவது ஒன்றைக் கேட்டு வாங்கி இவள் வாசலில் இறக்குவான். அந்தக் குடித்தனத்தைப் பார்க்க மனசு வராமல், உள்ளே வராமலே போய்விடுவான். அலமாரி வந்தது, சோபா வந்தது, துணி துவைக்கிற மெஷின் வந்தது. இருப்பதோ ஒன்றரை அறை. பாய் விரிக்க இடமில்லாமல் ஒவ்வொன்றாய் அக்கம்பக்கத்துக்குத் தள்ளிவிட்டாள் பொத்தான்காரி.

ஒருநாள் அண்ணி தையல்கடைக்கே வந்தாள்.

"உங்கண்ணன் ராத்திரி புரண்டு படுக்க முடியாம முனகுறாரு. புள்ளைங்க ஞாயித்துக்கிழமைகூட அப்பன் முகத்தைப் பாக்குறதில்ல. எல்லாம் உனக்காகத்தான். நல்லா இரு தாயி."

இனி எதுவும் கொண்டுவர வேண்டாமென்று அன்றே சொல்லிவிடுவதாக இருந்தாள். வண்டி வந்தது. "நல்லா இருக்கியாம்மா?" என்றான் அண்ணன். கேட்டதில் அத்தனை கனிவு. "இருக்கேண்ணே" என்று ஒரு பெருமூச்சு விட்டாள். அந்தப் பெருமூச்சு பொய். ஒருத்தர் நமக்காக உருகுவது அவளுக்குச் சுகமாக இருந்தது. அதை விட மனசில்லை.

பிறகு ஒருநாள் பிரிட்ஜ் வந்தது. கூட ஆளில்லை. கைகொடுக்க யாராவது கிடைப்பார்களா என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டே அண்ணன் அடுத்த வீட்டுக்குள் எட்டிப் பார்த்தான். அங்கே அவன் கொடுத்த மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. மூடியில் விழுந்திருந்த கீறலைப் பார்த்ததும் தெரிந்துபோயிற்று.

"உங்க தங்கச்சி சும்மாவே தூக்கிக் குடுத்துடுச்சுங்க. மனசுன்னா அதான் மனசு!" என்றாள் அந்த வீட்டுக்காரி.

அண்ணன் முகம் செத்துப்போனது. வாசலில் நின்ற தங்கச்சியிடம் திரும்பி வந்தான்.

"பிடிக்கலையாம்மா?"

"எனக்கு எதுவும் வேணாம்ணே. நான் நல்லாத்தான் இருக்கேன். கல்யாணம் ஆன நாள்லேருந்தே நல்லாத்தான் இருக்கேன்."

"அப்ப நான் உன்னைக் கிணத்துல தள்ளலையா?"

"இல்லைண்ணே. நல்ல இடத்துலதான் குடுத்தே."

அவன் சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. "இதை முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?" என்றான். கோபமாய்க் கேட்டிருந்தால் தாங்கியிருப்பாள். பிரிட்ஜைக் கட்டின கயிற்றை அவிழ்க்காமலே வண்டியைத் திருப்பிக்கொண்டு போனான்.

அந்த வாரம் முழுக்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை. புருஷன் வாத்தியார் நடை நடந்து காட்டியும் சிரிப்பு வரவில்லை. "போய்ப் பாத்துட்டுதான் வாயேன்" என்றார். ஞாயிற்றுக்கிழமை தனியாகப் பஸ் ஏறினாள்.

அண்ணி கதவைத் திறந்தாள்.

"அண்ணி, நான்தான்..."

"நீதான். கண்ணு தெரியுது எனக்கு. செருப்பைக் கழட்டிட்டு உள்ள வா."

உள்ளே அண்ணன் தரையில் குப்புறக் கிடந்தான். பிள்ளைகள் அவன் முதுகில் ஏறி மிதித்துக்கொண்டிருந்தார்கள். "கீழடா, இன்னும் கொஞ்சம் கீழ" என்று முனகியவன், யார் வந்திருப்பது என்று தலையைத் திருப்பிப் பார்த்தான்.

"வாம்மா. உக்காரு."

அவள் சுவரோரம் உட்கார்ந்தாள். அவன் முதுகைவிட்டுக் கண்ணை எடுக்கவும் முடியவில்லை, அவன் முகத்தைப் பார்க்கவும் முடியவில்லை.