உருண்டை லைட்டும் பன்னிரண்டு பேரும்

போடி ஜீப் ஸ்டாண்டில் இன்று காலை ஒரே சண்டை. பழைய மாடல் ஜீப்பைப் புதுசாக மாற்றி இறக்கியிருக்கிறார்களே, அதைப் பற்றித்தான்.

"உருண்ட லைட்ட மாத்தல பாத்தியா மாப்ளே, அதே மூஞ்சி!" என்றார் பக்கத்து வண்டி டிரைவர் அண்ணன்.

"பம்பரு பிளாஸ்டிக்குண்ணே. குரங்கணி ரோட்டுல ஒரு கல்லு பட்டாப் போச்சு" என்று நான் கத்தினேன். என் பழைய ஜீப்புக்கு இனிமேல் எஃப்.சி., அதாவது ஓடத் தகுதிச் சான்று, கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். அந்த எரிச்சல் எனக்கு.

போடிமெட்டுத் தோட்டத்துக்கு ஏலக்காய் எடுக்கப் போகும் பெண்கள் என் வண்டியில் ஏறி அரை மணி நேரம் ஆகியிருந்தது. "வெரசா எடு அப்பு, சோலிக்கு நேரமாச்சு" என்று வண்டியிலிருந்து இறங்கி வந்த பேச்சியக்கா, என் கையிலிருந்த செல்போனில் ஓடிய புது ஜீப் விளம்பரத்தைக் குனிந்து பார்த்தார்.

"இதுல எத்தன பேரு ஏறலாம்?"

"நாலு பேருதான்க்கா."

"நாங்க பன்னெண்டு பேரு இருக்கோமே?"

தொண்டை கிழியப் பேசிய எங்களில் ஒருவர்கூட சீட்டை எண்ணவில்லை.

விளம்பரத்தை மறுபடி ஓட்டினேன். பனிமூட்டம், மலை உச்சி, கூலிங்கிளாஸ் போட்ட ஒரு ஜோடி. பின்சீட்டில் ஒரு நாய்.

சிவப்பு ஜீப் எடுக்கலாமா, பச்சையா? நாய்க்கு எது எடுப்பாக இருக்கும் என்று பார்த்துச் சொல்லுங்கள்.