என் மகளின் குரலைக் கேட்கவைத்த திருவக்கரைத் தாய்

அம்மனை நம்பி வாழும் சகோதர சகோதரிகளே, நான் பெற்ற மகளின் குரலை ஏழு வருஷம் நான் கேட்டதில்லை. அந்த ஏழு வருஷமும் எப்படிப் போயின, தாய் எனக்கு என்ன செய்தாள் என்பதை உள்ளபடி சொல்கிறேன்.

திண்டிவனத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். சொந்த நிலத்தில் மல்லாட்டையும், அதாவது வேர்க்கடலையும், கேப்பையும் போடும் குடும்பம். ஐம்பத்து நாலாம் வருஷம் ஐப்பசியில் அஞ்சலை பிறந்தாள். பிறந்த மூன்றாம் நாள் எனக்கு ஜன்னி கண்டது. பல நாள் நினைவே இல்லை. கண் விழித்தபோது குழந்தை பக்கத்தில் கிடந்து வாயைத் திறந்து அழுதுகொண்டிருந்தது. முகமெல்லாம் சிவந்திருந்தது. சத்தம் மட்டும் வரவில்லை. பிள்ளைக்குத் தொண்டையில் ஏதோ கோளாறு என்று பயந்து மாமியாரைக் கூப்பிட்டேன். அவர் வாயும் சத்தமில்லாமல் அசைந்தது. குறை யாருக்கு என்று அப்போதுதான் புரிந்தது.

விழுப்புரத்தில் ஒரு டாக்டர் பார்த்தார். கேட்கும் சக்தி அடியோடு போய்விடவில்லை, ஆனால் மருந்தால் திரும்பாது என்று காகிதத்தில் எழுதிக் கொடுத்தார். ஐந்தாவது வரை படித்தவள் நான். அதை எத்தனையோ முறை படித்துப் பார்த்தேன்.

அஞ்சலை பேசத் தொடங்கினாள். அவள் வாயைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அவள் சொன்னதைக் கேட்டு எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

அவளுக்கு மூன்று வயது இருக்கும்போது எருக்குழியில் விழுந்துவிட்டாள். பத்தடி தூரத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு நான் மல்லாட்டை புடைத்துக்கொண்டிருந்தேன். "அம்மா, அம்மா" என்று கத்தியிருக்கிறாள். பக்கத்து வீட்டுக்காரி ஓடிவந்து தூக்கினாள். யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து அஞ்சலை என்னைக் கூப்பிடுவதை விட்டுவிட்டாள். ஏதாவது வேண்டுமென்றால் வந்து புடவையைப் பிடித்து இழுப்பாள். அந்தக் கை பட்டதும் எனக்கு நெஞ்சு வலிக்கும்.

பௌர்ணமிதோறும் திருவக்கரைக்குப் போவேன். வக்ரகாளியம்மன் முன்னால் நின்று ஒன்றே ஒன்றுதான் கேட்பேன். தாயே, ஒரே ஒரு தடவை என் பிள்ளை என்னைக் கூப்பிடுவது காதில் விழட்டும். அப்புறம் நீ எடுத்துக்கொண்டாலும் சரி.

மூன்று வருஷம் கேட்டேன். பதில் இல்லை. இனி போகவேண்டாம் என்றுகூட ஒருநாள் நினைத்தேன். மனசு கேட்கவில்லை, போனேன். அன்றைக்குப் பிரகாரத்தில் வயதான ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். அவர் காதிலிருந்து ஒரு கம்பி இறங்கி ரவிக்கைக்குள் போயிற்று. நான் அதையே பார்ப்பதைக் கண்டு பக்கத்தில் அழைத்தார். பாண்டிச்சேரியில் டீச்சராக இருந்தவராம். என் குறையைச் சொன்னேன். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய பெட்டி ஒன்றை வெளியே எடுத்து, கம்பியின் முனையை என் காதில் வைத்தார்.

முதலில் இரைச்சல். பிறகு கோயில் மணி. ஆறு வருஷத்துக்குப் பிறகு மணி. நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

அது காது மிஷின், அவர் மகன் பிரான்சிலிருந்து வாங்கி அனுப்பியது என்றார். என் விலாசத்தை எழுதி வாங்கிக்கொண்டார். அதன் பிறகுதான் என் ஏக்கம் இன்னும் பெரிதாயிற்று. இப்படி ஒன்று உலகத்தில் இருக்கிறது என்று தெரிந்துவிட்டதே. தபால்காரர் தெருவில் வந்தால் வாசலுக்கு ஓடுவேன். ஒரு வருஷம் ஓடினேன்.

அறுபத்திரண்டில் மாசி மாதம் பார்சல் வந்தது. மகன் புதுசு அனுப்பிவிட்டான், பழசை நீ வைத்துக்கொள் என்று அந்த அம்மா எழுதியிருந்தார். என் வீட்டுக்காரர் கம்பியை மாட்டிவிட்டு, "கேக்குதா?" என்றார். கேட்டது. காக்கை கேட்டது. என் புடவை பெட்டியில் உரசுவதுகூட வைக்கோல் கட்டை இழுப்பது போலக் கேட்டது.

சாயங்காலம் அஞ்சலை பள்ளிக்கூடத்திலிருந்து வரும் நேரத்தில், வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்தேன். வந்தாள். புடவையைப் பிடித்து இழுத்தாள்.

மறுநாளும் அப்படியே. எதிரில் நின்று பேசினாள், கேட்டேன். நான் நினைத்ததைவிடக் கட்டையான குரல். ஆனால் கூப்பிடவில்லை. கூப்பிடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான் சொல்லி அவள் கூப்பிட்டால் அது என்ன கூப்பிடுதல்? வெள்ளிக்கிழமை விளக்கேற்றி, "தாயே, காதைக் குடுத்துட்ட. அவ வாயையும் தொறந்து வுடு" என்று வேண்டினேன்.

பங்குனியில் மல்லாட்டை பிடுங்கிக்கொண்டிருந்தோம். வரப்பின் அந்தக் கோடியிலிருந்து ஒரு குரல்.

"யம்மா! முள்ளு குத்திக்கினு நிக்கிறேன், வாம்மா!"

செடியைப் போட்டுவிட்டு ஓடினேன். ஓடிய வேகத்தில் கம்பி கழன்றுவிட்டது. மறுபடி எல்லாம் அடங்கிப் போயிற்று. ஆனாலும் ஓடினேன். கிட்டே போனதும் அவள் காலை மறந்துவிட்டு என் முகத்தையே பார்த்தாள். உதட்டைப் பார்த்துத்தான் படித்தேன்.

"உனக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சிடி," என்றேன்.

ஒரே தடவை போதும் என்றுதான் வேண்டியிருந்தேன். தாய் கணக்குப் பார்க்கவில்லை. இப்போது அஞ்சலை விழுப்புரத்தில் தங்கிப் படிக்கிறாள். சனிக்கிழமை வந்தால், தெருமுனையிலேயே கூப்பிடத் தொடங்கிவிடுவாள். பாட்டரி எளிதில் கிடைக்காது. அதனால் மற்ற நாளெல்லாம் மிஷினை அணைத்து வைத்து, அவளுக்காகவே சேர்த்து வைக்கிறேன். அவளுடைய மழலையை மட்டும் நான் கேட்கவில்லை. அது இனி வராது. அந்த ஏக்கம் இருக்கத்தான் செய்கிறது. அதையும் அம்மன் காலடியில்தான் வைத்திருக்கிறேன்.

உங்கள் வீட்டில் காது கேளாதவர் இருந்தால் மூலையில் உட்காரவைத்துவிடாதீர்கள். டாக்டரிடம் கூட்டிப் போங்கள், மிஷின் இருக்கிறதா என்று விசாரியுங்கள். வேண்டிக்கொண்டு பதில் கிடைக்காமல் சோர்ந்திருப்பவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். தாய்க்குக் கேட்கவில்லை என்று நினைத்துக் கூப்பிடுவதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.