வலியே இல்லை என்றேன்

முதல் முறை தசை கிழிந்தபோது பந்து என் காலில்கூட இல்லை. எதிரணிக்காரியைத் துரத்தி ஓடிக்கொண்டிருந்தேன். இடது தொடையின் பின்னால் யாரோ கல்லால் அடித்ததுபோல் இருந்தது. திரும்பிப் பார்த்தேன். யாருமில்லை.

ஹாம்ஸ்ட்ரிங், பின்தொடைத் தசை கிழிந்திருக்கிறது என்றார் அணியின் பிசியோ. ஆறு வாரம் ஓடக்கூடாது என்று ஊருக்கு, ஆண்டிபட்டிக்கு, அனுப்பினார்கள். கால்பந்து கிளப்பில் எனக்கு அந்த ஒரு சீசனுக்குத்தான் ஒப்பந்தம். மூன்றாவது வாரமே கோச் போன் செய்தார். என் இடத்தில் ஆடியவளுக்கும் காயமாம். வர முடியுமா?

"சரியாயிருச்சு சார், வலியே இல்ல."

மல்லிகை பறித்துவிட்டு அப்போதுதான் வீட்டுக்குள் வந்த அம்மா கேட்டுக்கொண்டே நின்றாள்.

"ஏத்தா, காலையிலகூட மாடிப்படியில செவுத்தைப் பிடிச்சுத்தானே எறங்குன?"

"போகலேன்னா வேற ஆளைப் போட்டுருவாகம்மா."

அவள் மடியிலிருந்த பூவைக் கூடையில் கொட்டினாள்.

ஆட்டம் நடக்கும் ஊருக்கு இரண்டு நாள் ரயிலில் உட்கார்ந்தே போனேன். தூக்கமில்லை. ஆட்டத்தன்று காலையில் மாதவிலக்கும் வந்துவிட்டது. பிசியோ என்னைக் குப்புறப் படுக்கவைத்து, மடக்கிய காலின் குதியைப் பிடித்து இழுத்தார். "ஒருமுறை கிழிந்த இடம்தான் மறுபடி கிழியும். உண்மையைச் சொல், வலிக்கிறதா?" முகத்தைத் துண்டில் புதைத்துக்கொண்டு இல்லையென்று தலையாட்டினேன்.

இரண்டாம் பாதியில் ஒரு நீளப் பந்து வந்தது. நாலு எட்டு ஓடியிருப்பேன். இந்த முறை சத்தமே கேட்டது. தரையில் கிடந்தபடி புல்லைப் பிடுங்கிக்கொண்டு கத்தினேன். தசைநார் எலும்பிலிருந்து பிய்ந்திருந்தது. ஆஸ்பத்திரியில் பிசியோ என் கட்டிலருகே வெகுநேரம் நின்றார்.

"உன் பேச்சை நம்பித்தானே விளையாடலாம் என்று கையெழுத்துப் போட்டேன்," என்றார். அழுதுகொண்டிருந்தார். நான் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டேன்.

ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை. அறுவை சிகிச்சை முடிந்து எட்டு மாதமாகிறது. தினமும் காலையில் முட்டிபோட்டு நிற்கிறேன். அம்மா பின்னால் உட்கார்ந்து என் கணுக்கால்களை அழுத்திப் பிடிக்கிறாள். பின்தொடையின் பலத்தில் மெல்ல முன்னால் சாய வேண்டும். பாதியிலேயே பொத்தென்று விழுகிறேன்.

"போதும்த்தா, நாளைக்குப் பாப்பம்."

"இன்னும் ஒண்ணும்மா. பிடிச்சுக்க."

கோச்சுக்கு மூன்று முறை போன் செய்தேன், எடுக்கவில்லை. போன வாரம் மதுரை பஸ் கண்ணெதிரே புறப்பட்டது. கண்டக்டர் கையசைத்து, "ஓடியாத்தா, ஓடியா!" என்றார். என்னால் ஓட முடியவில்லை. கால் வலிக்கவில்லை, பயம்தான். அடுத்த பஸ் வரும்வரை வெயிலில் நின்றேன்.