நல்ல தண்ணி

என் வீட்டுக்காரர் மரக்காணம் உப்பளத்தில் பாத்தி மிதித்து, உப்பு வாரி வந்தவர். எழுபதுகளில் ஒரு கோடையில் அவருக்கு முகமும் காலும் வீங்கின. காலேஜ் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். கிட்னி என்றார்கள்.

அங்கே கட்டிலுக்குக் காசு இல்லை. சோறு, மருந்து, ரத்தப் பரிசோதனை எதற்கும் இல்லை. சர்க்கார் கொடுக்கிறது. அவர் படுத்த கட்டில் மட்டும் வேறு கணக்கு. வீக்க நோயை ஆராய்ச்சி செய்ய டெல்லியிலிருந்து தனியாகப் பணம் வந்திருந்ததாம். உப்பில்லாச் சோறு, புது மாத்திரை. மூத்திரம் முழுவதையும் ஜாடியில் பிடித்து, உப்பு எவ்வளவு என்று பார்ப்பார்கள். சரி என்றோம்.

ஜாடியில் உப்பு குறையவில்லை. வீக்கமும் வடியவில்லை. படுத்தால் அவருக்கு மூச்சு முட்டியது.

ஒரு நாள் காலையில் பெரிய டாக்டர் வந்தார். பின்னால் படிக்கிற பிள்ளைகள். என்னைத்தான் பார்த்தார்.

"திருட்டுத்தனமா என்னம்மா குடுக்கிற? கருவாடா, ஊறுகாயா?"

"ஒண்ணும் குடுக்கலைங்க."

"அப்போ ஜாடி பொய் சொல்லுதா?"

படிக்கிற பிள்ளை ஒன்று சொன்னது: "உப்பளத்து ஆளு சார். உடம்புலயே உப்பு விளையுது போல."

டாக்டர் சிரிக்கவில்லை. "இந்தக் கட்டிலுக்கு வெளியில ஆளுங்க காத்திருக்காங்க. நாளைக்கும் இப்படியே இருந்தா பொது வார்டுக்கு மாத்திடுவேன். அங்க இந்த மாத்திரை கிடையாது."

கட்டிலில் என் வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். நர்ஸ் தலையணையைத் தூக்கிப் பார்த்தார். என் பையைக் கொட்டினார். சீப்பும் சேலையும் விழுந்தன. பொறுக்கி எடுத்து வைத்தேன்.

அப்போதுதான் என் நாத்தனார் வந்தார். என் வீட்டுக்காரரின் அக்கா. ஊரிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்திருந்தார். கையில் தூக்குவாளி.

"அதுல என்ன?" என்றார் நர்ஸ்.

"தம்பிக்கு நல்ல தண்ணிங்க. இங்கத்துத் தண்ணி தொண்டையில எறங்கலைன்றான். வரும்போதெல்லாம் எங்க கெணத்துத் தண்ணி கொண்டாறேன்."

நர்ஸ் தண்ணீர்தானே என்று விட்டுவிட்டார். டாக்டர் விடவில்லை. வாளி மூடியில் கொஞ்சம் ஊற்றி வாயில் வைத்தார். உடனே ஜன்னலுக்கு வெளியே துப்பினார்.

"இதுவா நல்ல தண்ணி?"

"ஆமாங்க. உப்புத் தண்ணி பாத்தியில இருக்குது. இது குடிக்கிறது."

எங்கள் நாக்குக்கு அதில் உப்பு தெரியாது. பாத்தித் தண்ணி வாயில் தெறித்தவர்களுக்கு மற்றதெல்லாம் நல்ல தண்ணிதான்.

டாக்டர் வாளியை மூடினார். பிறகு பிள்ளைகள் பக்கம் திரும்பி, "சோத்தைப் பாத்தோம். தண்ணியப் பாக்கல" என்றார். வாளியை லேபுக்கு அனுப்பினார்.

"கட்டில் இருக்கட்டும்" என்றார் என்னிடம். "இனிமே ஆஸ்பத்திரித் தண்ணிதான். உங்க ஊர்ல எல்லாரும் இதத்தான் குடிக்கிறாங்களா?"

"வேற ஏதுங்க?"

அடுத்த மாதம் ஆஸ்பத்திரியிலிருந்து ஜீப்பில் ஊருக்கு வந்து எங்கள் கிணற்றுத் தண்ணீரும் ஆட்களின் ரத்தமும் எடுத்துப் போனார்கள்.

வாளி லேபுக்குப் போன அன்றைக்கு நாத்தனார் ஆஸ்பத்திரி வராந்தாச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நானே என் தம்பியக் கொல்லப் பாத்தனாடி?"

"இல்ல அண்ணி."

"அப்போ நாளைக்கு என்னத்தக் கொண்டாறது?"

"சும்மா வாங்க."

அவர் சும்மா வருகிறவர் இல்லை. மறுநாள் ஒரு பனையோலை விசிறியோடு வந்தார். தம்பிக்கு வீசிக்கொண்டே இருந்தார். வாரக் கடைசியில் என் வீட்டுக்காரர் முகத்தில் வீக்கம் வடிந்து கன்ன எலும்பு தெரிந்தது.