கெங்கம்மாளின் காலும் குணாவின் கிளிக்கும்

“அந்தம்மா கால இன்னாத்துக்கு மச்சான் பாக்குற? காதுல டிக்கு டிக்குன்னு உழுது இல்ல, அத்தக் கேட்டு அடி!”

ஆடி ஞாயிற்றுக்கிழமை, ஏரிக்கரையில் ஊரே சுற்றி நிற்கும்போது குணா தன் மனைவியின் அண்ணன் குப்புராஜைப் பார்த்து இப்படிக் கத்தினான். குப்புராஜ் இடுப்பில் பம்பை, காதில் ஒயர், முகமெல்லாம் வேர்வை.

“கால் ஏறுதுடா. கொட்டும் ஏறணும்.”

“ஏத்துனா டிராக்கு பூடும். நீ ஒரு பக்கம் ஓடுவ, ஸ்பீக்கர் ஒரு பக்கம் ஓடும். கடம்பத்தூர்ல சிரிச்சானுங்களே, பத்தலயா?”

“ஆத்தா வர்ற நேரத்துல உன் டிராக்கு இன்னாடா பெரிய டிராக்கு!”

“அடி மச்சான், வாயாடாத!”

குப்புராஜ் அடித்தான். காதில் விழுந்தபடியே, மயிரிழை பிசகாமல் அடித்தான். காப்புக் கட்டி நடுவில் நின்ற கெங்கம்மாள் மேல் சாமி வரவில்லை.

குணா கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்திருந்தால் அன்றைக்கே மறந்துபோயிருப்பான். தேர்வாய் கண்டிகை சிப்காட்டில் ஒரு கம்பெனியில் லைனில் நிற்கிறவன். ஐம்பத்திரண்டு விநாடிக்கு ஒருமுறை அங்கே மணி அடிக்கும். அதற்குள் நாலு போல்ட்டை முடுக்கித் தள்ளிவிட வேண்டும். ஒன்பது வருஷம் அப்படி நின்றவனுக்கு எல்லாம் ஒரே சீராகப் போக வேண்டும். பெண்டாட்டி இளமதி தோசை ஊற்றுவதைக்கூட, இது சீக்கிரம், அது லேட் என்று குறை சொல்வான். “இது அடுப்பு, உன் கம்பெனி இல்ல, போய் உக்காரு” என்பாள் அவள்.

லீவு நாளில் மச்சானும் அவனும் பம்பை செட்டு. முன்பெல்லாம் பம்பை, உடுக்கை, சிலம்பு, தீர்ந்தது. இப்போது ஜனங்களுக்கு அது போதவில்லை. லேப்டாப்பில் நாதஸ்வரம், கோரஸ் எல்லாம் முன்கூட்டியே பதிந்துவைத்து ஸ்பீக்கரில் ஓட விடுகிறார்கள். அதைத்தான் டிராக்கு என்பது. மனுஷன் கை சூடேறினால் வேகம் பிடிக்கும், டிராக்கு அதே வேகத்தில்தான் போகும். அதனால் அடிக்கிறவன் காதில் கடியாரம் மாதிரி டிக் டிக் என்று ஒரு சத்தம் விடுவார்கள். அது கிளிக்கு. அதைப் பிடித்துக்கொண்டு அடித்தால் இரண்டும் சேர்ந்து போகும்.

முதலில் குணா ஒரே ஒயரை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் பாட்டும் ஒரு பக்கம் கிளிக்குமாக ஓட்டினான். கடம்பத்தூரில் ஒரு காதுகுத்தில் பின்னை மாற்றிச் செருகிவிட, டிக் டிக் பெரிய ஸ்பீக்கரில் போய்விட்டது. “இன்னாப்பா, பம்பைக்குள்ள கடியாரம் மாட்டிக்கிச்சா?” என்று பந்தியில் இருந்தவர்களெல்லாம் சிரித்தார்கள். குணாவுக்கு மானம் போனது. சத்தத்தை நாலு வழியாகப் பிரித்து வெளியே விடுகிற, நாலு அவுட் உள்ள பெட்டி ஒன்றை வாங்கினான். ஒன்றும் இரண்டும் ஸ்பீக்கருக்கு. மூன்றாவது கிளிக்குக்கு மட்டும், நேராக மச்சான் காதுக்கு. நாலு சனிக்கிழமை உட்கார்ந்து அதைச் சரிக்கட்டினான். “இனிமே ஒரு சொட்டு வெளிய சிந்தாது” என்று இளமதியைக் கூப்பிட்டுக் காட்டினான். ஊர் கங்கையம்மனுக்குக் கூழ் ஊற்றும் அன்றுதான் அந்தப் பெட்டியை முதன்முதலாக வெளியே எடுத்தான்.

கூழுக்கு முன்னால் ஏரிக்கரையில் கரகம் ஜோடிப்பார்கள். காப்புக் கட்டிய பெண் மேல் ஆத்தா வந்தால்தான் கரகம் தலைக்கு ஏறும். பதினோரு வருஷமாகக் கெங்கம்மாள்தான் அந்தப் பெண். பம்பைக்காரன் அவள் குதிகாலைப் பார்த்துக்கொண்டே அடிப்பான். குதிகால் எழும்பினால் கொட்டு ஏறும். கொட்டு ஏறினால் கால் இன்னும் எழும்பும். எது எதை ஏற்றுகிறது என்று யாரும் பிரித்துப் பார்த்ததில்லை. அதற்கு அவசியமும் வந்ததில்லை.

அன்றைக்கு ஒரு மணி நேரம் அடித்தும் ஒன்றும் நடக்கவில்லை. ஊர்ப் பெரியவர் துளசிராமன் முன்னால் வந்தார்.

“இன்னாம்மா, சுத்தபத்தமா இருந்தியா?”

கெங்கம்மாள் சிப்காட் கேண்டீனில் தட்டுக் கழுவுகிறவள். “லீவு குடுக்கல நைனா. முட்டத் தட்டு கழுவினேன். கையாலதான் தொட்டேன், வாயில வெக்கல” என்றாள். பொய் சொல்லத் தெரியாத பொம்பளை. கூட்டத்தில் நாலு பேர், “அதான பாத்தோம்” என்றார்கள். பூசாரி கரகத்தைக் கையிலேயே தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போனார். அவள் மஞ்சள் புடவையோடு பின்னால், தனியாக நடந்தாள்.

ஒயரைச் சுருட்டிக்கொண்டே குணா, “ஒரு எடத்துல கூட டிராக்கு நழுவல மச்சான்” என்றான். குப்புராஜ் காதிலிருந்து ஒயரைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் போனான்.

மறுநாள் காலை, கம்பெனி பஸ்ஸில், யாரோ எடுத்த வீடியோ செல்போனுக்கு வந்தது. தன் டிராக்கு எப்படிக் கேட்கிறது என்று பார்க்கத்தான் குணா திறந்தான். அதில் கெங்கம்மாள் குதிகால் தெரிந்தது. எழும்புகிறது, நடுங்குகிறது, பம்பை அதே சீரில் நிற்கிறது, குதிகால் இறங்கிவிடுகிறது. மூன்று தடவை. வழுக்குகிற ஆளுக்குக் கை கொடுக்காமல் நின்ற மாதிரி இருந்தது. அன்றைக்கு லைனில் இரண்டு போல்ட்டை விட்டுவிட்டு சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான்.

கெங்கம்மாள் கேண்டீன் வேலையை விட்டாள். பெரியபாளையம் வரை நடந்து போய், கோயிலைச் சுற்றி ஈரத்துணியோடு உருண்டாள். ஒருவேளைதான் சாப்பிடுகிறாள் என்று இளமதி சொன்னாள். “பாவம்யா, முட்டத் தட்டுக்கு இத்தினி தண்டனையா?” குணா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான், வாய்க்குப் போகவில்லை. சொல்லிவிடலாம்தான். சொன்னால், சாமியை வரவிடாமல் அடித்த செட்டை எந்த ஊரில் கூப்பிடுவார்கள்? இப்படியே மூன்று வாரம் ஓட்டினான்.

நாலாவது வாரம் ஒரு பகலில் அவள் வீட்டுக்குப் போனான். வாசலில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். ஆள் பாதியாகிவிட்டிருந்தாள்.

“அக்கா, உம்மேல தப்பு இல்ல. முட்டையும் இல்ல, தட்டும் இல்ல. நான்தான்.”

கிளிக்கைப் பற்றியும் புதுப் பெட்டியைப் பற்றியும் சொன்னான். வீடியோவைக் காட்டினான். அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, இரண்டு தடவை பார்த்தாள். அழுவாள், இல்லாவிட்டால் ஓங்கி ஓர் அறை வைப்பாள் என்று நினைத்தான். எதற்கும் தயாராகத்தான் வந்திருந்தான்.

“அப்ப, வேகமா அடிச்சிருந்தா வந்திருக்கும்ன்ற.”

“ஆமாக்கா.”

“மெதுவா அடிச்சா வராது.”

“ஆமா.”

“அப்ப பதினோரு வருசமா எம்மேல வந்தது யாருடா? ஆத்தாளா, உன் மச்சானா?”

“ஆத்தாதான்க்கா… நான் வழிய அடச்சிட்டேன், அவ்ளோதான்…”

“மூணு அவுட்டு பொட்டிய வெச்சி ஆத்தாளையே அடைக்கிற ஆளா நீ?”

“நாலு அவுட்டுக்கா” என்று சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டான்.

“கேளுடா. நான் தட்டு கழுவினேன், ஆத்தா கோச்சிக்கினா. கோச்சிக்கினு போனவ ஒரு நாளைக்குத் திரும்பி வருவா. நான் உருண்டு பெரண்டு இட்டாந்துடுவேன். நீ சொல்றாப்புல இருந்தா, வர்றதுக்கே அங்க ஆளு இல்ல. புரியுதா?”

“ஊர்ல சொல்லி உன் பேரு கெடாம…”

“வாயத் தொறந்தீன்னா நாக்க அறுத்துப்புடுவேன். பழி எம்மேலயே இருக்கட்டும். எந்திரி, ஊட்டுக்குப் போ.”

ஒரு கை கடலையை அள்ளி அவன் சட்டைப் பையில் போட்டாள். அறை வாங்கியிருந்தால்கூட அவன் நிமிர்ந்து நடந்திருப்பான். அதுவரை சொல்லவில்லையே என்று உறுத்திக்கொண்டிருந்தது. இப்போது சொன்னதும் உறுத்தியது, இனிமேல் சொல்ல முடியாததும் உறுத்தியது. இளமதியிடம்கூடச் சொல்லவில்லை.

அடுத்த ஆடிக்குக் காப்பைத் துளசிராமனின் மருமகள் தமிழ்செல்விக்குக் கட்டினார்கள். குணா காலால் மிதிக்கிற ஒரு சுவிட்ச் வாங்கி வந்து மச்சான் முன்னால் வைத்தான். மிதித்தால் டிராக்கு, கிளிக்கு இரண்டும் நின்றுவிடும். அதற்குப் பிறகு பம்பைதான் ராஜா.

“இத்த போன வருசமே வாங்கறதுக்கு இன்னாடா கேடு?” என்றான் குப்புராஜ். குணா குனிந்து சுவிட்சின் ஒயரைப் பெட்டியில் செருகினான்.

தமிழ்செல்வி குதிகால் எழும்பியதும் குப்புராஜ் மிதித்தான். ஸ்பீக்கர் அடங்கியது, பம்பை ஓடியது. ஐந்து நிமிஷம் ஆகவில்லை, ஊர் குலவையிட்டது. கரகம் தலைக்கு ஏறியது.

சனம் வரிசையில் நின்று விபூதி வாங்கியது. கெங்கம்மாள் முறை வந்தபோது தமிழ்செல்வி கண்ணை உருட்டி, “இனிமேலாச்சும் சுத்தமா இருடி” என்றாள்.

“இருக்கேன் தாயே” என்று கெங்கம்மாள் அந்தச் சின்னப் பெண்ணின் காலில் விழுந்தாள். எழுந்தபோது நெற்றியில் மண். குணா பக்கம் திரும்பவே இல்லை. அவனும் லேப்டாப்பிலிருந்து தலையை எடுக்கவில்லை.

கும்பல் கலைந்ததும், பள்ளிப்பட்டிலிருந்து வேடிக்கை பார்க்க வந்திருந்த ஒரு பம்பைக்காரர் குனிந்து சுவிட்சைத் தொட்டுப் பார்த்தார்.

“டக்குனு நின்னுச்சே, நல்லா கீது நைனா. எத்தினி டப்பு ஆச்சு இது?”

“தொள்ளாயிரத்து அம்பது” என்றான் குணா.