இடப்பக்கத்துக் கட்டி

மகள் செல்வியைக் குளிப்பாட்டும்போதுதான் கையில் தட்டுப்பட்டது. வயிற்றின் இடப்பக்கம், விலாவுக்குக் கீழே, மாங்கொட்டை அளவில் கெட்டியாக ஏதோ இருந்தது. அவளுக்கு நாலு வயது. தொட்டால் வலிக்கவில்லை, கூச்சத்தில் சிரித்தாள்.

எழுபதுகளின் கடைசி அது. இலங்கையில் நமுனுகுலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் நானும் கணவரும் வேலை செய்தோம். நாங்கள் குடியிருந்த லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகள்) பாதிப் பிள்ளைகளுக்கு வயிறு உப்பித்தான் இருக்கும். தோட்டத்து மருந்துக்காரர் பூச்சி மருந்து கொடுத்தார். பூச்சி விழுந்தது, கட்டி கரையவில்லை. குணமாகிறது என்று நினைப்பதா, பயப்படுவதா என்று எனக்கு விளங்கவில்லை.

பிறகொரு காலை சிறுநீர் பாலில்லாத சாயத்தண்ணிபோல் (வெறும் தேநீர்) சிவந்து போனது. அன்றைக்கே பதுளை ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினோம்.

டாக்டர் சிங்களவர். எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு என்னிடம் "பிளிகா" என்றார். எனக்குப் "பிள்ளைக்கா?" என்று கேட்டது.

"ஆமாங்க, பிள்ளைக்குத்தான்" என்றேன்.

தமிழ்த் தாதி என் தோளைத் தொட்டார். "அது சிங்களத்துல புற்றுநோய்ம்மா. கட்டிய அமுக்கிப் பார்க்காதீங்க. கொழும்புக்குக் கொண்டுபோகணும்."

கட்டி இருந்தது சிறுநீரகத்தில் (இரத்தத்தைச் சுத்தம் செய்து சிறுநீரைப் பிரிக்கும் உறுப்பு). அதையே எடுத்துவிட வேண்டுமாம். புற்றுநோய் வயசாளிகளுக்கு வருவதென்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

"வலின்னு ஒரு நாள் அழாத புள்ளைய எதுக்கு வெட்டணும்?" என்றார் கணவர்.

"எனக்கும் தெரியலைங்க. ஆனா கட்டி வளருதுங்க" என்றேன்.  அவர் எழுந்து கொழும்புக்குப் போகத் துணிமணியைக் கட்டினார்.

அறுவைக்குப் பின் ஊசி மருந்தும் கதிர்ச் சிகிச்சையும் (மிச்சமிருக்கும் நோயைக் கதிரால் அழிப்பது) நடந்தன. நோயோடு ஓடியாடியவள் வைத்தியத்தில் முடி கொட்டி, எழும்ப முடியாமல் கிடந்தாள். எது நோய், எது மருந்து என்று குழம்பினேன். உங்கள் பிள்ளையும் அப்படிக் கிடந்தால் உங்களுக்கும் குழம்பும். பாதியில் கூட்டிக்கொண்டு வந்துவிடாதீர்கள். எனக்கும் அந்த நினைப்பு வந்தது. என் இடது விலாகூட அந்நாட்களில் வலித்தது; இன்றும் சிலநேரம் வலிக்கிறது.

அவள் பிழைத்தாள். வருசக்கணக்காக ஆஸ்பத்திரித் தவணைகளை வைத்தே நாங்கள் காலத்தைக் கணக்கிட்டோம். அவள் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது, இனி வரத் தேவையில்லை என்று டாக்டர் சொன்னார்.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றோம்.

"அடுத்து எப்பம்மா வரணும்?" என்று கேட்டாள்.

"வர வேணாமாம்."

"அப்ப அதுவரைக்கும் என்ன செய்யிறது?"

எதுவரைக்கும் என்று கேட்க வாயெடுத்தேன். எங்கள் பஸ் வந்தது. ஏறத் தோன்றாமல் இருவரும் நின்றுகொண்டே இருந்தோம்.