விளைந்த வயலில் பூட்ஸ் சத்தம்

மகள் கணினியில் பழங்காலப் போர் விளையாட்டு ஆடிக்கொண்டிருந்தாள். படை விளைந்த வயலுக்குள் இறங்கியது. "நெஜமாவே மிதிக்கிற மாதிரி கேக்குது பாரும்மா!" என்றாள்.

கூலியை உயர்த்தக் கேட்டு அப்பாவும் மற்றவர்களும் அறுப்பை நிறுத்திய வருடம், எங்கள் தெருவுக்குப் போலீஸ் இப்படித்தான் வயலை மிதித்துக்கொண்டு வந்தது. வைக்கோல் போருக்குள் ஒளிந்திருந்த அப்பா, நெல் தாள் முறியும் சத்தம் கேட்டதும் பாய்ந்து வெளியே வந்துவிட்டார்.

"வரப்புல நடங்கய்யா! சோத்தையா மிதிக்கிறீங்க?"

"ஒன் வயலாடா இது?" என்று சிரித்தார்கள். வயல் பண்ணையாருடையதுதான். அந்தக் கதிர்களின் மேலேயே அப்பாவை அடித்து இழுத்துப் போனார்கள். அதன் பிறகு அவர் நிமிர்ந்து நடக்கவே இல்லை.

ஆத்திரத்தில் ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கினேன்.

"கேம்தானேம்மா!"

"அவ்ளோ பெரிய வயல்ல ஒரு ஆளு இல்லையாடி? ஒருத்தன்கூடவா கத்த மாட்டான்?"